கோமாளி மீனுக்கு ஒரு மாதச் சம்பளம் போதுமா?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம்:

ஆறு வருடமாக நன்னீர் மீன் தொட்டி வைத்திருக்கிறார். கப்பி, டெட்ரா, செடிகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. பத்து வயது மகன் இப்போது கோமாளி மீன் கேட்கிறான். அவருக்கும் பவளத் தொட்டி மேல் ரொம்ப நாளாக ஒரு கண். ஒரு மாதச் சம்பளத்தை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறார். "இதோடு சரி, இனிமேல் இதற்கென்று கேட்கக் கூடாது" என்பது கணவரின் நிபந்தனை. குடியிருப்பது வாடகை வீடு, இரண்டாவது மாடி. சின்னதாக இருந்தால் செலவு குறையும் என்று 25 லிட்டர் தொட்டி பார்த்து வைத்திருக்கிறார். பழைய ஃபில்டரும் விளக்கும் கையில் இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவர் கடலிலிருந்து தண்ணீரும் கல்லும் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளே விட நினைப்பது இரண்டு கோமாளி மீன், ஒரு ப்ளூ டேங் (நீல நிறக் கடல் மீன்), ஒரு அனிமோன் (கொட்டும் கைகளுள்ள, பூப்போன்ற கடல் உயிரினம்), நாலைந்து பவளங்கள். மகனின் பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம். அதற்குள் எல்லாம் தயாராக வேண்டும்.

கேள்விகள் நான்கு. இந்தப் பணத்துக்குள் முடியுமா? சிறிய தொட்டியில் ஆரம்பித்து, பழகிய பிறகு பெரிதாக்கினால் என்ன? பவளத்தைத் தொட்டால் விஷம் என்று மாமியார் பயப்படுகிறாரே, உண்மையா? ஒத்துவராவிட்டால் எல்லாவற்றையும் கடலிலேயே விட்டுவிடலாமா?

நீர்வாழ் உயிரின மருத்துவர் பதிலளிக்கிறார்:

அன்புள்ள வாசகிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில். முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலோடு முடியாது. அந்தப் பட்டியலில் ப்ளூ டேங்கும் அனிமோனும் இருக்கும்வரை ஒரு மாதச் சம்பளம் இல்லை, ஆறு மாதச் சம்பளமும் போதாது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் கணக்கு சட்டென்று இறங்கிவிடும்.

பெரும்பாலானவர்கள் தொட்டியை வாங்கிவிட்டு, பிறகு விளக்கு, பிறகு மீன் என்று போகிறார்கள். என்னிடம் நோயோடு வரும் மீன்களில் பாதிக்கு இதுதான் ஆரம்பம். எந்த உயிரினம் என்பதை முதலில் முடிவு செய்தால், அதற்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நீரோட்டம், எவ்வளவு இடம் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதற்கு மேல் ஒரு பொருளும் வாங்க வேண்டியதில்லை. சிக்கனம் அங்கேதான் இருக்கிறது. மலிவான சாமான் தேடுவதில் மிச்சமாவது சொற்பம்.

யார் குடிவரப் போகிறார்கள்?

கோமாளி மீன் நல்ல தேர்வு. மகனுக்கு நல்ல ரசனை. ஒசெல்லாரிஸ் என்கிற வகையைக் கேளுங்கள், அதுவும் பண்ணையில் பொரித்து வளர்த்ததாக இருக்கட்டும். கடலில் பிடித்ததை விட அது தொட்டிக்குப் பழகியிருக்கும், உலர் தீனி சாப்பிடும், நோயும் குறைவு. சிறியதாக இரண்டை ஒன்றாக வாங்கினால், அவற்றில் பெரிதாக வளர்வது பெண்ணாகிவிடும், மற்றது ஆணாக இருக்கும். ஜோடி தேடி அலைய வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இவை பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். உங்கள் மகன் கல்லூரிக்குப் போகும்போதும் தீனி போடப் போவது நீங்கள்தான்.

கோமாளி மீனுக்கு அனிமோன் கட்டாயம் என்று நினைத்திருக்கிறீர்கள். கட்டாயமே இல்லை. கடலில் எதிரிகளிடமிருந்து தப்பிக்க அதற்குள் பதுங்குகிறது. தொட்டியில் எதிரி இல்லாததால் ஒரு தோல் பவளத்திலோ, சில சமயம் பம்பின் மூலையிலோ கூட வீடு கட்டிக்கொள்ளும். அனிமோனுக்கோ பலமான வெளிச்சமும், பல மாதம் நிலைத்த தொட்டியும் வேண்டும். இடம் பிடிக்கவில்லை என்றால் நகர்ந்து போகும். போகிற வழியில் பவளங்களைக் கொட்டும். பம்புக்குள் சிக்கினால் அரைபட்டு, ஒரே இரவில் தொட்டி முழுவதையும் நாசமாக்கும். முதல் வருடத்தில் அது வேண்டாம்.

ப்ளூ டேங் பற்றி இன்னும் கறாராகவே சொல்கிறேன். கடையில் தீப்பெட்டி அளவில் இருக்கும். முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டர் வரை போகும். நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கிற மீன். அதற்குச் சில நூறு லிட்டர் தண்ணீர் வேண்டும். 2016இல்தான் முதல்முறையாக அதை ஆய்வகத்தில் பொரிக்க வைத்து வளர்த்தார்கள். இன்றும் விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி கடலில் பிடித்தது. வெள்ளைப்புள்ளி நோய் அதைத்தான் முதலில் தாக்கும். சிறிய தொட்டியில் அதை விடுவது, அது சாகும்வரை வைத்திருப்பது என்றே அர்த்தம். மகனிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வான். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்த நியாயம் நம்மைவிடச் சீக்கிரம் புரிகிறது.

ஆக, என் பட்டியல்: கோமாளி மீன் இரண்டு, விருப்பமிருந்தால் சிறிய கோபி மீன் ஒன்று. பாசி மேய ஐந்தாறு நத்தைகள், ஒரு சுத்தம் செய்யும் இறால். பவளங்களில் காளான் பவளம், தோல் பவளம், பச்சை நட்சத்திரப் பவளம். கடைசியாகச் சொன்னது பாய் விரித்த மாதிரி பரவும். அதைத் தனிக் கல்லில், மற்ற கல்லைத் தொடாமல் வையுங்கள். இவை எதற்கும் தினமும் கால்சியம் ஊற்ற வேண்டாம். வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே போதும்.

25 லிட்டர் ஏன் மலிவில்லை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நன்னீரில் சின்னத் தொட்டியும் தாக்குப்பிடிக்கும். உங்கள் ஆறு வருட அனுபவம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கும். உப்புநீரில் விஷயம் வேறு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 25 லிட்டர் தொட்டியில் கல், மணல் போக இருபது லிட்டர்தான் தண்ணீர். நாளுக்கு அரை லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 என்பதிலிருந்து ஏறக்குறைய 38 ஆகியிருக்கும். நத்தையும் இறாலும் பவளமும் இதைத் தாங்குவது கஷ்டம். 75 லிட்டர் தொட்டியில் அதே மூன்று நாளில் 37ஐத் தொடாது. வெப்பநிலையும் அப்படித்தான். ஒரு மீன் செத்து மறைவில் அழுகினாலும் அப்படித்தான். பெரிய தண்ணீர் மெதுவாகக் கெடும். மெதுவாகக் கெடுவதுதான் புதியவருக்கு வேண்டிய சலுகை.

"சிறியதில் ஆரம்பித்துப் பெரிதாக்கலாமே" என்கிறீர்கள். அப்படிச் செய்தால் தொட்டியும் விளக்கும் ஹீட்டரும் இரண்டு முறை வாங்குகிறீர்கள். 60 முதல் 80 லிட்டருக்குள் ஒரே தடவை வாங்குங்கள். அதைவிடப் பெரிதும் வேண்டாம். அப்போது உப்பும் மின்சாரமும் ஏறும்.

தொட்டியை மட்டும் தாராளமாகப் பழையதாக வாங்கலாம். வாங்கும் முன் மூலைகளில் சிலிக்கான் ஒட்டை விரல் நகத்தால் மெல்ல நெருடிப் பாருங்கள். உரிந்து வந்தாலோ, ஓரங்களில் சின்னக் குமிழி தெரிந்தாலோ வேண்டாம். விற்பவரிடம் ஒரு கேள்வி கண்டிப்பாகக் கேளுங்கள்: "இதில் எப்போதாவது தாமிர மருந்து ஊற்றினீர்களா?" மீன் நோய்க்குத் தாமிரம் ஊற்றுவது சாதாரண விஷயம். ஆனால் அது சிலிக்கானிலும் கல்லிலும் ஊறி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மீன் பிழைக்கும், நத்தையும் இறாலும் பவளமும் பிழைக்காது. கல்லும் சேர்த்துத் தருகிறேன் என்றால் இந்தக் கேள்வியை இரண்டு முறை கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள், கசிந்தாலும் பரவாயில்லாத இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பணத்தைப் பத்துப் பங்காகப் பிரியுங்கள்

உங்கள் கணவரின் நிபந்தனை தவறில்லை, ஆனால் பவளத் தொட்டிக்குப் பொருந்தாது. இது ஒரு தடவை வாங்கி முடிக்கிற சாமான் இல்லை, மாதம்தோறும் கொஞ்சம் கேட்கும். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால், 75 லிட்டருக்கு வாரம் ஏழரை லிட்டர். லிட்டருக்கு சுமார் 36 கிராம் உப்பு. வருடத்துக்குப் பதினான்கு கிலோ உப்பு வந்துவிடுகிறது. மின்சாரம், விளக்கு ஒன்பது மணி நேரம், பம்பு நாள் முழுக்க, ஹீட்டர் விட்டு விட்டு என்று போட்டால், மாதம் 40 யூனிட்டைச் சுற்றி நிற்கும். தட்பவெப்பத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். இந்த இரண்டு எண்ணையும் உங்கள் ஊர் விலையால் பெருக்கி, வாங்கும் முன்பே அவரிடம் காட்டிவிடுங்கள். பின்னால் வரும் சண்டையை விட இது நல்லது.

கையில் இருக்கும் தொகையைப் பத்துப் பங்காக வைத்துக்கொண்டால், தொட்டி, விளக்கு, பம்பு, ஹீட்டர், கல், மணல், அளவுக் கருவிகள் எல்லாம் ஆறு பங்குக்குள் முடியட்டும். உயிரினங்களுக்கு ஒரு பங்கு. மீதி மூன்று பங்கைத் தொடாதீர்கள். முதல் வருடத்து உப்பும், தீர்ந்துபோகும் டெஸ்ட் கிட்டும், என்றோ ஒரு நாள் கெட்டுப்போகும் ஹீட்டரும் அதிலிருந்து வரும். அப்படி வைத்தால் "இனிமேல் கேட்கக் கூடாது" என்ற வாக்கையும் ஓரளவு காப்பாற்றிவிடலாம்.

எதை வாங்காமல் விடலாம்? இந்த அளவுக்கு ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) வேண்டாம், சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி) வேண்டாம், மருந்து ஊற்றும் தானியங்கி வேண்டாம். கல்லையும் உயிருள்ள கல்லாக (நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியேறிய கல்) வாங்காமல் காய்ந்த கல்லாக ஏழெட்டு கிலோ வாங்கினால் விலை நன்றாகக் குறையும். வேண்டாத பூச்சி, புழு, ஐப்டேசியா என்கிற களை அனிமோன் எதுவும் கூட வராது. அது பக்குவமாக அதிக நாள் எடுக்கும், அவ்வளவுதான். பவளத்தைக் கடையில் முழுதாக வாங்காமல், வீட்டில் வளர்ப்பவர்களிடம் துண்டாக வாங்குங்கள். பச்சை நட்சத்திரம் யாரிடமாவது அளவுக்கு மீறி வளர்ந்திருக்கும். சும்மா கூடக் கொடுப்பார்கள்.

எதில் கை சுருக்கக் கூடாது? உப்பின் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் கருவி வேண்டாம். ஒரு குமிழி ஒட்டிக்கொண்டாலே தப்பாகக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தண்ணீரால் சரிபார்த்து விட்டுவிடாமல், ஆயிரத்துக்கு 35 என்று அளவு குறித்த கரைசலால் சரிபாருங்கள். ஹீட்டர் கெட்டால் பல நேரம் அணையாமல் எரிந்துகொண்டே கெடும். அதனால் வெளியே ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டுவது மிகையில்லை. வெப்பநிலை 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். உங்கள் வீடு அதைவிடச் சூடு என்றால் ஹீட்டரை விடக் குளிர்விப்பதுதான் பிரச்சினை. தண்ணீர் மேல் காற்று படும்படி ஒரு சின்ன விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பதிலுக்கு ஆவியாவது கூடும், ஊற்றும் நன்னீரும் கூடும்.

உங்களிடம் இருக்கும் பழைய விளக்கு, செடிக்கானது. பவளத் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் சமைத்துக் கொடுக்கும் சர்க்கரைதான் பவளத்தின் பெரும்பகுதிச் சாப்பாடு. அந்தப் பாசிக்கு நீல ஒளி முக்கியம். வெள்ளை வெளிச்சத்தில் காளான் பவளம் சாகாமல் இருக்கலாம், ஆனால் தொட்டியில் முடிப்பாசிதான் செழிக்கும். நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் நடுத்தர எல்.இ.டி. ஒன்று போதும். கடினப் பவளத்துக்கான விலை உயர்ந்த விளக்குகளை இந்தப் பட்டியல் கேட்கவில்லை. பழைய ஃபில்டரைப் பஞ்சு வைக்கும் பெட்டியாகப் பயன்படுத்தலாம். பஞ்சை மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அலசுவதாக இருந்தால் மட்டும். நீரோட்டத்துக்கு மணிக்கு 1500 லிட்டர் தள்ளும் சிறிய பவர்ஹெட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல் தண்ணீரும் கடல் கல்லும்

கடல் தண்ணீர் கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பெரிய காட்சியகங்கள் பல அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அவை ஆழத்திலிருந்து இழுத்து, வடிகட்டி, கிருமி நீக்கிப் பயன்படுத்துகின்றன. கரையோரத்தில் குடத்தில் மொண்ட தண்ணீரில் மழைக்குப் பிறகு உப்பு குறைந்திருக்கும். எண்ணெயும் சாக்கடையும் கலந்திருக்கலாம். அதில் இருக்கும் மிதவை உயிரிகள் வழியிலேயே செத்து அழுகத் தொடங்கும். இது எல்லாவற்றுக்கும் மேல், வாராவாரம் யார் சுமப்பது? தெரிந்தவரின் நல்ல மனது இரண்டு மாதம் தாங்கும். உப்புப் பொடியைக் கரைத்துக்கொள்வதே சுலபம்.

கரைக்கும் தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருக்கக் கூடாது. குளோரின் மட்டும் என்றால் மருந்து போட்டுச் சமாளிக்கலாம். சிலிக்கேட், பாஸ்பேட், சில குழாய்களில் தாமிரம் என்று மற்றவையும் வரும். பழுப்புப் பாசியும் முடிப்பாசியும் அடங்காமல் வருவதற்கு இது முக்கியக் காரணம். ஆர்.ஓ. வடிகட்டியோடு அயனி நீக்கும் பிசின் குப்பியும் சேர்ந்து, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்டும் தண்ணீர் வேண்டும். கருவி வாங்க முடியாவிட்டால் அப்படிப்பட்ட தண்ணீரை கேனில் வாங்குங்கள். அன்றாடம் ஆவியான அளவுக்கு ஊற்றுவதும் இதே நன்னீர்தான், உப்புத் தண்ணீர் இல்லை. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டி வைத்து, காலையில் அந்தக் கோடு வரை ஊற்றும் வேலையை மகனிடம் கொடுத்துவிடலாம்.

கல் விஷயத்தில் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கடினப் பவளங்கள் எல்லாமே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. உயிருள்ளது மட்டுமில்லை, செத்த பவளக் கல்லும் எல்லை தாண்ட வேண்டுமானால் அனுமதிச் சீட்டு கேட்கும். அதற்கு மேல், பல நாடுகளின் உள்நாட்டுச் சட்டம் கடலிலிருந்து பவளக் கல்லை எடுப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. "கரையில் ஒதுங்கிக் கிடந்தது" என்பது எல்லா இடத்திலும் எடுபடாது. வாங்கும்போதும் உங்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு. இது பண்ணையில் வளர்ந்ததா, கடலில் எடுத்ததா, ரசீதில் வகையின் பெயரை எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். தயங்கும் கடையில் வாங்காதீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு வீடு மாற்றும்போதோ விற்கும்போதோ கேள்வி வந்தால் அதுதான் சாட்சி.

மூன்று வாரத்தில் பிறந்தநாள்

இதுதான் உங்களுக்குக் கஷ்டமான பதில். மூன்று வாரத்தில் மீன் விட முடியும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நன்னீரில் பார்த்த அதே நைட்ரஜன் சுழற்சிதான் இங்கேயும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாக வேண்டும். காய்ந்த கல்லில் அந்த நுண்ணுயிர்கள் குடியேற வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புட்டியில் வரும் நுண்ணுயிர்க் கரைசல் நன்றாக இருந்தால் குறையலாம். நாள் எண்ணாதீர்கள், சோதனை செய்யுங்கள். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அம்மோனியா சேர்த்தால், மறுநாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்ட வேண்டும். அப்போதுதான் தொட்டி தயார்.

அதற்காகப் பிறந்தநாளை வெறுமையாக விட வேண்டாம். காய்ந்த கற்களைக் கையில் கொடுத்து, குகையும் வளைவும் வைத்து அவனையே அடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாத தொட்டியில் எத்தனை முறை வேண்டுமானாலும் கலைத்து அடுக்கலாம். பெரியவர்கள் கல்லைச் சுவர் மாதிரி அடுக்குவார்கள். பிள்ளைகள் ஓட்டை விட்டு அடுக்குவார்கள், நீரோட்டத்துக்கு அதுதான் நல்லது. கற்கள் மணலின் மேல் இல்லாமல் கண்ணாடித் தரையில் உட்கார்ந்திருக்கட்டும். சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மணல் போதும்.

இந்தக் காத்திருப்பில் வேறொரு வேலையும் நடக்கலாம். முப்பது லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, பஞ்சு ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு வைத்து மீனைத் தனிமைப்படுத்த இடம் செய்யுங்கள். பஞ்சைக் காய்ந்த கல்லோடு பெரிய தொட்டியில் போட்டு வைத்தால் அதிலும் நுண்ணுயிர் ஏறிவிடும். மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடாமல், இங்கே நாலு வாரம் பாருங்கள். கடல் வெள்ளைப்புள்ளி நோய் பவளத் தொட்டிக்குள் வந்துவிட்டால் அங்கே மருந்து ஊற்ற வழியில்லை. மீன்களை வெளியே எடுத்து, ஆறு முதல் பதினோரு வாரம் தொட்டியை மீனில்லாமல் போட வேண்டியிருக்கும். வாங்கும்போதே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மேல்மட்டத்தில் வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்குகிறதா? உடம்பில் வெண்மையாகச் சளி படர்ந்து, தோல் உரிவது போலத் தெரிகிறதா? கோமாளி மீனில் அது புரூக்ளினெல்லா நோயாக இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். கடைக்காரரிடம் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனை அரை விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மீன் வந்த பிறகு முதல் மூன்று நான்கு மாதம் தொட்டி அசிங்கமாக இருக்கும். முதலில் பழுப்புப் பொடி, பிறகு பச்சை முடி. எல்லோருக்கும் வருவதுதான். அந்த நேரத்தில் பயந்துபோய்ப் பாசிக்கொல்லி வாங்குவதுதான் பெரிய செலவு. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்கவும் முயல வேண்டாம். பூஜ்யமான தண்ணீரில் டைனோஃபிளாஜெலேட் என்கிற சளிப்பாசி வந்தால் முடிப்பாசியே தேவலை என்று தோன்றும். நைட்ரேட் லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமைச் சுற்றியும், பாஸ்பேட் 0.05ஐச் சுற்றியும் இருந்தால் விட்டுவிடுங்கள். பவளத்தை மீனுக்குப் பிறகு, ஒன்றொன்றாக, ஒவ்வொன்றையும் பூச்சி நீக்கும் பவளக் கரைசலில் முக்கி எடுத்துச் சேருங்கள்.

மாமியார் சொல்வது பாதி உண்மை

பவளம் எல்லாம் விஷம் இல்லை. ஆனால் சோவாந்திட் என்கிற பவள வகைகளில் பாலிதோவா என்ற பேரினத்தில் பாலிடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நச்சுகளில் அதுவும் ஒன்று. அந்தக் கல்லை வெந்நீரில் போட்டோ, கொதிக்க வைத்தோ, பிரஷ் போட்டுத் தேய்த்தோ சுத்தம் செய்தவர்களின் குடும்பமே ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வாயில் உலோகக் கசப்பு, காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், தசைவலி என்று வரும். கண்ணில் தெறித்தால் விழிப்படலம் பாதிக்கும். கடைகளில் "பாலி", "சோவா" என்று கலந்து விற்கிறார்கள். பிள்ளை இருக்கும் வீட்டில் முதல் தொட்டிக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். என் பட்டியலில் அவற்றைச் சேர்க்காததற்குக் காரணம் இதுதான். எப்போதாவது வந்து சேர்ந்தால் கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். எந்தக் கடல் கல்லையும் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விட வேண்டாம், மகனும்தான். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி அதன் வழியாக ஏறும். இரண்டு மூன்று வாரம் கழித்து விரலிலோ கையிலோ வலியில்லாத கட்டியாகத் தெரியும். சாதாரணக் கொப்புளம் என்று விட்டால் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட நேரும். அப்படி ஏதாவது வந்தால் மருத்துவரிடம் "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கேட்க அவருக்குத் தோன்றாமல் போகலாம்.

மின்சாரத்தில் அலட்சியம் வேண்டாம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கும் இணைப்பில்தான் மாட்ட வேண்டும். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வழியும் சொட்டு அந்த வளைவில் விழும், பிளக்குக்குள் போகாது. மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று.

வீட்டு உரிமையாளரிடம் முன்பே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. 75 லிட்டர் தொட்டி ஸ்டாண்டோடு நூறு கிலோவைத் தாண்டும். நல்ல கான்கிரீட் தளத்துக்கு அது பெரிய பாரமில்லை. நடுக்கூடத்தில் வைக்காமல், பாரம் தாங்கும் சுவரோரம் வையுங்கள். கவலைப்பட வேண்டியது கசிவைப் பற்றி. கீழ் வீட்டுக் கூரையில் உப்புத் தண்ணீர் இறங்கினால் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் மேல்தான் விழும். வாடகை ஒப்பந்தத்தில் மீன் தொட்டி பற்றியோ, தண்ணீர்ச் சேதம் பற்றியோ ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.

முடியாமல் போனால்

கடலில் விடவே கூடாது. உங்கள் மீன் அந்தக் கடலைச் சேர்ந்ததாகவே இருந்தாலும் கூடாது. தொட்டியில் சேர்ந்த கிருமியும் ஒட்டுண்ணியும் கூடப் போகும். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பகுதியைச் சேர்ந்த சிங்கமீன் 1985இல் ஃபுளோரிடா கரையில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாக இருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று கரீபியன் பகுதி முழுக்கப் பரவி, அங்கத்திய பவளப்பாறைக் குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது. தொட்டியில் அழகுக்கு வைத்த காலர்ப்பா என்ற பாசி 1984இல் மொனாக்கோ கரையில் கண்டுபிடிக்கப்பட்டு, மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரவியது.

தொட்டியைக் கலைக்க வேண்டி வந்தால் வேறு வளர்ப்பவரிடம் கொடுங்கள். ஆரோக்கியமான கோமாளி ஜோடிக்கும் வளர்ந்த தோல் பவளத்துக்கும் ஆள் கிடைப்பது கடினமில்லை. பல கடைகளே திரும்ப எடுத்துக்கொள்ளும், வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கல்லை மறுபடி உபயோகிப்பதாக இருந்தால் கையுறை போட்டு எடுத்து, ஆள் நடமாட்டமில்லாத திறந்தவெளியில் பல வாரம் காயப்போடுங்கள். பழைய தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள், மழைநீர்க் கால்வாயில் ஊற்ற வேண்டாம்.